ஆற்றில் இறங்கி பாஸ் மீன் பிடிக்க எதை வாங்குவது, எதை விடுவது?

இந்த வாரக் கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை. அமெரிக்காவில் போட்டோமாக், சஸ்குவஹானா, கனடாவில் கிராண்ட் ஆறு என்று அவரவர் ஊருக்குப் பக்கத்து ஆற்றில் இறங்கி நின்று ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்கக் கிளம்பியிருக்கிற வாசகர்கள் கேட்கிறார்கள். இந்த மீனை அறியாதவர்களுக்கு: வெண்கலமும் பச்சையும் கலந்த நிறம், சிவந்த கண், பாறையும் கூழாங்கல்லும் நிறைந்த ஓடும் தண்ணீரில் குடியிருப்பு, கொடுக்குள்ள இறால்போல் இருக்கும் கிரேஃபிஷ்ஷும் சிறு மீன்களும் சாப்பாடு. பெரும்பாலும் ஓர் அடி நீளம்தான் மாட்டும், ஆனால் அந்த ஓர் அடி மீன் தண்ணீரை விட்டுத் துள்ளி எழுந்து கையை உலுக்கிவிடும்.

படகு வேண்டாம், டிரெய்லர் வேண்டாம், நிறுத்த இடம் தேட வேண்டாம். செலவு குறைந்த பொழுதுபோக்கு என்று நம்பித்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். கடைக்குள் நுழைந்ததும் அந்த நம்பிக்கை போய்விடுகிறது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: என்னிடம் 400 டாலர்தான் இருக்கிறது. கடையில் வேடர்ஸ், பல பை வைத்த வெஸ்ட், ராடு (தூண்டில் கோல்), ரீல் (நூல் சுற்றும் உருளை), லூர் (போலி இரை) பெட்டி என்று 700 டாலருக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். எதை வெட்டலாம்? (ஃபிரெடரிக், மேரிலாந்து)

பதில்: முதலில் வேடர்ஸை வெட்டுங்கள். மார்பு வரை வரும் அந்தத் தண்ணீர் புகாத உடை டிரவுட் மீன் பிடிக்கிறவர்களுக்கும் குளிர்காலத்தில் இறங்குகிறவர்களுக்கும் தேவை. நீங்கள் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை போட்டோமாக்கில் இறங்கப் போகிறீர்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். சீக்கிரம் காயும் மெல்லிய பேன்ட் போதும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், தொடையை உரசிப் புண்ணாக்கும்.

அடுத்து வெஸ்ட்டை வெட்டுங்கள். அதைப் பற்றிப் பின்னால் வரும் ஒரு பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கு காலுக்கு. வேடிங் ஷூ என்று தனியாகவே விற்கிறார்கள், 100 முதல் 150 டாலருக்குள் நல்லது கிடைக்கும். பழைய ஓட்டக் காலணி போதாதா என்று கேட்பீர்கள். ஃபிரெடரிக் பக்கத்தில் போட்டோமாக்கின் அடியைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். அங்கே பாறை, வரிவரியாக ஆற்றுக்குக் குறுக்கே சாய்ந்து கிடக்கும். ஒரு வரியின் மேல் தண்ணீர் கணுக்கால் அளவு, அடுத்த அடி வைத்தால் தொடை அளவு. இரண்டு வரிக்கு நடுவே இருக்கும் பிளவில் கால் இறங்கினால் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் உயரமான, விறைப்பான ஷூதான் காப்பாற்றும். விரல் நுனியில் கெட்டியான ரப்பர் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். கடற்கரைக்கு விற்கும் மெல்லிய தண்ணீர்ச் செருப்பு இதற்கு ஆகவே ஆகாது. அதன் அடிப்பாகம் வழியாக ஒவ்வொரு கல்லும் குத்தும், ஒரு மணி நேரத்தில் கரையேறிவிடுவீர்கள்.

ஷூவுக்குள் போட நியோப்ரீன் என்கிற தடித்த ரப்பர்க் காலுறை ஒரு ஜோடி, 25 முதல் 40 டாலர். இது இல்லாமல் ஷூ வாங்கினால் உள்ளே மணல் புகுந்து குதிகாலைத் தேய்த்துவிடும். கடையில் ஷூவைப் போட்டுப் பார்க்கும்போதே அந்தக் காலுறையோடு போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஓர் ஊன்றுகோல். மடக்கி இடுப்பில் மாட்டும் வகை 40 டாலருக்கு மேல் போகும். பழைய பொருள் விற்கும் கடைகளில் ஒற்றைப் பனிச்சறுக்குக் கோல் சில டாலருக்குக் கிடைக்கும். கீழே இருக்கும் வட்டத்தைக் கழற்றிவிட்டு, கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் அதே வேலையைச் செய்யும். ஆற்றின் மேல்பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கமாக ஊன்ற வேண்டும்.

போலரைஸ்டு கண்ணாடி 30 முதல் 50 டாலர். பழுப்பு அல்லது அம்பர் நிறம் எடுங்கள், ஆற்றுக்கு அதுதான் தோது. மீனைப் பார்க்கத்தான் இந்தக் கண்ணாடி என்று விளம்பரம் சொல்லும். எனக்கு அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார்க்கத்தான் அது பயன்படுகிறது.

இவ்வளவும் போக 150 டாலர் வரை மிஞ்சும். ராடு, ரீல், லூருக்கு அது தாராளம். மீன்பிடி உரிமக் கட்டணத்தை மறந்துவிடாதீர்கள்.

பணமே கொடுக்காமல் கிடைப்பது ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை ஆறுகளில் அளவுமானி வைத்து, நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் இணையத்தில் போடுகிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே பாயிண்ட் ஆஃப் ராக்ஸில் ஒன்று உண்டு. கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள். அந்தத் துறையின் ஆட்கள் ஆற்றில் இறங்கி அளவெடுக்கும்போது கையாளும் கணக்கு இது: ஆழத்தை அடியிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கினால் 10-ஐத் தாண்டக் கூடாது. கரையில் 12 அடி தூரம் குறித்துக்கொண்டு ஒரு குச்சியை மிதக்கவிடுங்கள். 3 நொடியில் கடந்தால் வேகம் 4 அடி. அப்படியென்றால் இரண்டரை அடி ஆழமே எல்லை, தொடை அளவுதான். கையில் ராடும் மனத்தில் மீனும் இருக்கிற ஆள் அதற்கும் முன்பே நின்றுவிடுவது நல்லது.

கேள்வி: ஃபெல்ட் அடிப்பாகம் வைத்த வேடிங் ஷூ பாதி விலைக்குத் தள்ளுபடியில் கிடைக்கிறது. பாசிக் கல்லில் ஃபெல்ட்தான் வழுக்காது என்கிறார்கள். வாங்கலாமா? நான் வர்ஜீனியாக்காரன், மீன் பிடிப்பது போட்டோமாக்கில். (ஃபேர்ஃபேக்ஸ்)

பதில்: வழுக்காது என்பது உண்மை. ஆனாலும் நீங்கள் வாங்கக் கூடாது.

மேரிலாந்து 2011-இலேயே ஃபெல்ட் ஷூவோடு ஆற்றில் இறங்குவதைத் தடைசெய்துவிட்டது. ஃபெல்ட் கம்பளிபோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் காயாது. டிடிமோ என்கிற பாசி அதில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் பயணம் செய்யும் என்பதுதான் காரணம். நியூசிலாந்து 2008-இல் இதே காரணத்துக்காகத் தடுத்தது, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 2018-இல் தடுத்தது.

நான் வர்ஜீனியாக்காரன் என்று நீங்கள் சொல்லித் தப்ப முடியாது. போட்டோமாக் ஆறு, வர்ஜீனியா கரையின் தாழ்நீர்க் கோடு வரை மேரிலாந்துக்குச் சொந்தம். உங்கள் கரையிலிருந்து இறங்கினாலும் நாலு அடி எடுத்து வைத்தால் நீங்கள் மேரிலாந்தில் நிற்கிறீர்கள்.

தள்ளுபடி ஏன் பாதி விலை என்று இப்போது புரிந்திருக்கும். ரப்பர் அடிப்பாகம் வாங்குங்கள், அதில் உலோக ஸ்டட் ஆணிகள் திருகிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ரப்பர் பாசியில் ஃபெல்ட் அளவுக்குப் பிடிக்காது, ஸ்டட் போட்டால் அந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும். கோர்க்கர்ஸ் போன்ற சில நிறுவனங்கள் அடிப்பாகத்தைக் கழற்றி மாற்றும் ஷூ விற்கின்றன. ஒரே ஷூவோடு பல மாநிலம் சுற்றுகிறவருக்கு அது கணக்குக்கு வரும். ரப்பர் ஷூவையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. கிரேட் ஃபால்ஸ் பூங்காவில் ஆற்றில் இறங்கவே தடை இருக்கிறது. அங்கே எந்த ஷூவும் உதவாது.

கேள்வி: அண்ணா, எனக்குக் கிராண்ட் ஆற்றில் அக்டோபர் வரைக்கும் இறங்கி நிற்க விருப்பம். கணவரின்ர பழைய வேடர்ஸைப் போட்டுப் பார்த்தன், தொளதொளவெண்டு இருக்கு. புதுசா வாங்குறதெண்டால் எதைப் பார்த்து வாங்கோணும்? சப்பாத்து அளவும் குழப்பமாக் கிடக்கு. (ஸ்காபரோ)

பதில்: அக்டோபர் வரை என்றால் உங்களுக்கு வேடர்ஸ் தேவைதான் தங்கச்சி. கணவருடையதை அவரிடமே கொடுத்துவிடுங்கள். தொளதொளப்பு அழகு சம்பந்தப்பட்ட விஷயமில்லை. மிஞ்சிய துணியைத் தண்ணீர் பிடித்து இழுக்கும், நடக்கும்போது ஒரு கால் துணி இன்னொரு காலில் உரசி ஓட்டை விழும்.

இரண்டு வகை உண்டு. நியோப்ரீன் தடிமனானது, சூடு தரும், விலை குறைவு, ஆனால் நடந்தால் உள்ளே வேர்த்து ஊற்றும். மூச்சுவிடும் துணி என்று சொல்லும் மெல்லிய வகை, உள்ளே போடுகிற உடுப்பைக் கூட்டிக் குறைத்து எல்லாக் காலத்துக்கும் சரிக்கட்டலாம். பாஸ் பிடிக்கிறவருக்கு இரண்டாவதுதான். 150 டாலர் சுற்றிலும் தொடக்கநிலை வேடர்ஸ் இருக்கிறது, 500-க்கு மேலும் இருக்கிறது. வருஷத்தில் சில வார இறுதிகளுக்கு மட்டும் என்றால் 200-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. முழங்காலிலும் பின்பக்கத்திலும் இரட்டைத் துணி இருக்கிறதா என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெண்களுக்கென்று தனி அளவுகளில் வருகிறது, அதையே கேளுங்கள். ஆண்கள் அளவில் சிறியதை எடுத்தால் இடுப்பில் இறுக்கும், பாதத்தில் பெரிதாக இருக்கும். கடையில் போட்டுப் பார்க்கும்போது நேராக நின்று கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை. குளிருக்குப் போடுகிற தடித்த காலுறையோடும் உள்பேன்ட்டோடும் போட்டுக்கொண்டு முழுசாகக் குந்தி எழும்புங்கள். ஒரு காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வையுங்கள். கவட்டில் இழுத்தால் அடுத்த அளவு.

பாதம் நியோப்ரீன் காலுறையாக முடிகிற வேடர்ஸ்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதன் மேல் தனிச் சப்பாத்துப் போட வேண்டும். சில நிறுவனங்கள் இந்தத் தடிப்பை முன்பே கணக்கில் எடுத்து அளவு போடுகின்றன, சில போடுவதில்லை. அதனால் வேடர்ஸைப் போட்டுக்கொண்டே சப்பாத்து அளவு பாருங்கள். விரல் நெருக்குப்பட்டால் கால் குளிர்ந்துவிடும், எவ்வளவு காலுறை போட்டாலும் சூடு வராது. இணையத்தில் வாங்கினால் வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீரில் நனைந்ததைப் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை.

இடுப்புப் பட்டி கூடவே வரும். பலர் அதைக் காருக்குள் விட்டுவிட்டு இறங்குகிறார்கள். வேடர்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தால் அது ஆளை அடிக்கு இழுத்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரமில்லை, அதனால் அது சரியில்லை. ஆனால் நிறைந்த வேடர்ஸோடு நீந்துவதும் கஷ்டம், கரையில் ஏறுவதும் கஷ்டம். இறுக்கிக் கட்டிய பட்டி தண்ணீர் உள்ளே புகுவதைக் குறைத்து, கொஞ்சம் காற்றையும் பிடித்து வைக்கும். எங்கேயாவது விழுந்து அடித்துப்போனால் மல்லாந்து, கால்களை ஆறு போகும் பக்கமாக நீட்டி மிதந்து போங்கள். ஓடும் தண்ணீரில் எழும்பி நிற்க முயன்றால் பாதம் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

நீர்மட்டத்துக்கு கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

கேள்வி: வாங்கி ஒரு சீசன்கூட ஆகவில்லை, வேடர்ஸ் உள்ளே நனைகிறது. உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா? (பிட்ஸ்பர்க்)

பதில்: முதலில் அது கசிவா வியர்வையா என்று பாருங்கள். வெயிலில் அரை மைல் நடந்து போய் இறங்கினால் எந்தத் துணியும் உள்பக்கம் ஈரமாகும். ஈரம் கால் முழுக்கப் பரவி இருந்தால் பெரும்பாலும் வியர்வை. முழங்காலில் ஓரிடம், தையல் ஓரத்தில் ஓரிடம் என்று இருந்தால் கசிவு.

மெல்லிய துணி வகைக்கு ஒரு சோதனை உண்டு. உட்புறத்தை வெளியே திருப்பி, மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பிங் ஆல்கஹாலை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடியுங்கள். ஊசி அளவு ஓட்டை இருந்தாலும் அந்த இடம் கறுத்த புள்ளியாகத் தெரியும். பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு, காய்ந்ததும் வேடர்ஸுக்கான பசையை ஒரு பொட்டு வைத்தால் வேலை முடிந்தது.

உத்தரவாதம் பொதுவாகத் தையல், ஒட்டுப்பட்டை போன்ற தயாரிப்புக் குறைகளுக்குத்தான். முள் குத்தியது, வேலிக்கம்பி கிழித்தது உங்கள் கணக்கில் சேரும். சில நிறுவனங்கள் அதையும் கட்டணம் வாங்கிக்கொண்டு சரிசெய்து கொடுக்கின்றன. ரசீதைப் படம் எடுத்து வைத்திருந்தால் அனுப்புங்கள், கழுவிக் காயவைத்து அனுப்புங்கள். சேற்றோடு வந்ததைச் சில இடங்களில் பிரிக்காமலேயே திருப்பிவிடுவார்கள்.

கேள்வி: ராடு, ரீல், நரம்பு (தூண்டில் நூல்) எல்லாம் என்ன அளவில் எடுப்பது? பெட்டியில் '10 பேரிங்' என்று போட்டிருக்கும் ரீல் நல்லதா? (ரிச்மண்ட், வர்ஜீனியா)

பதில்: பேரிங் எண்ணிக்கை பெட்டியை விற்கத்தான். மட்டமான 10 பேரிங்கைவிட நல்ல 4 பேரிங் நீண்ட நாள் ஓடும். அதிலும் ஆற்றில் இறங்கி நிற்கிறவரின் ரீல் எப்படியும் தண்ணீரில் முங்கும். மீனைக் கழற்றும்போது ராடை அக்குளில் இடுக்குவீர்கள், ரீல் தண்ணீருக்குள் போகும். அதனால் 2500 அளவில், பெயர் தெரிந்த நிறுவனத்தின் எளிய ஸ்பின்னிங் ரீல் ஒன்று, 50, 60 டாலருக்குள். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கழற்றிக் காயவையுங்கள்.

ராடு 6 அடி 6 அங்குலம் முதல் 7 அடி வரை, விறைப்பு மீடியம்-லைட் அல்லது மீடியம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது உங்கள் உயரத்தில் மூன்று அடி ஆற்றுக்குள் போய்விடுகிறது. கட்டையான ராடு என்றால் நரம்பு முழுக்கத் தண்ணீரில் படுத்து, ஓட்டம் அதை வளைத்து இழுத்துக்கொண்டு போகும். மரக்கிளை கவிந்த சிற்றோடைக்கு மட்டும் 6 அடி போதும். ரீலுக்குக் கீழே இருக்கும் கைப்பிடி குட்டையாக இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். நீளமானது படகுக்கு நல்லது. தண்ணீரில் நிற்கும்போது அது இடுப்பில் இடிக்கும், மார்புப் பையின் வாரில் மாட்டும்.

நரம்பு 6 அல்லது 8 பவுண்டு தாங்கும் மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான், போட்டால் போதும். வீசும் தூரம் கூட வேண்டும் என்றால் 10 பவுண்டு பிரெய்ட் என்கிற பின்னல் நரம்பு, அதன் நுனியில் ஓர் ஆள் கை விரித்த நீளத்துக்கு ஃப்ளூரோகார்பன் நரம்பு. பிரெய்ட்டை நேராக ஸ்பூலில் சுற்றினால் வழுக்கிச் சுழலும், அடியில் சில சுற்று மோனோ சுற்றிய பிறகு இதைக் கட்டுங்கள். லூர் கல்லில் மாட்டினால் பிரெய்ட்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை அறுத்துவிடும். ஊன்றுகோலில் சுற்றி இழுங்கள்.

கேள்வி: வெஸ்ட், மார்புப் பை, தோள்பை, இடுப்புப் பை என்று நாலு வகை இருக்கிறதே? எதை வாங்கினால் எல்லாச் சாமானும் கொள்ளும்? (ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா)

பதில்: எல்லாச் சாமானும் கொள்ளும் பையை வாங்கினால் எல்லாச் சாமானையும் தூக்கிக்கொண்டு போவீர்கள். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுவோம். உங்கள் தண்ணீர் எவ்வளவு ஆழம்?

ஹாரிஸ்பர்க்கில் சஸ்குவஹானா முக்கால் மைல் போல அகன்று, கோடையில் பெரும்பகுதி முழங்கால், தொடை அளவில் ஓடும். அங்கே இடுப்புப் பை சௌகரியம்தான், முதுகுக்கும் சுமை இல்லை. ஆனால் ஒரே ஒரு பள்ளத்தில் இறங்கினாலும் பை முங்கிவிடும். பெட்டிக்குள் புகுந்த தண்ணீர் தெரியாது, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் முட்கள் எல்லாம் துருப்பிடித்து, அந்தத் துரு பக்கத்து லூர்களிலும் ஏறியிருக்கும். தண்ணீர் புகாத ஜிப் வைத்த இடுப்புப் பை 150 டாலருக்கு மேல். அந்தப் பணத்துக்கு அது தகுதியா என்றால், என் கணக்கில் இல்லை.

ஒரு தோளில் குறுக்காகப் போடும் தோள்பை நடக்கும்போது நன்றாக இருக்கும். குனிந்து மீனைத் தூக்கும்போது முன்னால் சுழன்று வந்து முகத்துக்கும் மீனுக்கும் நடுவே நிற்கும். இடுப்போடு பிடித்துக்கொள்ளும் இரண்டாவது வார் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

வெஸ்ட்டில் பை பையாகத் தைத்திருப்பார்கள். அவை ஈப்பூச்சி வடிவ இரைகள் வைக்கும் சின்னஞ்சிறு டப்பாக்களுக்காக வந்தவை. பாஸ் லூர் பெட்டி பாதிக்கு மேல் அதில் நுழையாது, வெயிலில் புழுக்கமும் கூட.

நான் சொல்வது மார்புப் பை. அகலம் ஒரு சாண் அளவு, ஒரே பெரிய அறை, முன்பக்கம் மேசைபோலத் திறந்து கீழே மடிய வேண்டும். தண்ணீரின் நடுவில் நின்று முடிச்சுப் போடும்போது அந்த மடிப்புதான் உங்கள் மேசை. வாங்கும்முன் கடையில் மாட்டிக்கொண்டு குனிந்து உங்கள் பாதத்தைப் பாருங்கள். பாதம் தெரியாத அளவுக்குப் பை துருத்திக்கொண்டு நின்றால் திருப்பி வைத்துவிடுங்கள். ஆற்றில் பாதம் தெரியாமல் நடப்பது ஆபத்து.

உள்ளே போக வேண்டியது இவ்வளவுதான்: பிளானோ 3500 அளவில் ஒரு தட்டைப் பெட்டி, ஏறக்குறைய 9 அங்குலத்துக்கு 5 அங்குலம். அதில் இழுத்தால் தகடு சுழலும் இன்லைன் ஸ்பின்னர் இரண்டு மூன்று, மேற்பரப்பில் களக் களக்கென்று சத்தம் போடும் பாப்பர் ஒன்றிரண்டு, சிறு மீன்போல் நீந்தும் சின்ன கிராங்க்பெய்ட் இரண்டு, ஈயத்தலை முட்கள் ஒரு கைப்பிடி. ஜிப் பூட்டுப் பிளாஸ்டிக் பைகளில் மென்மையான ரப்பர் இரைகள், குழல் வடிவ டியூப்பும் சின்ன ஈயத்தலை முள்ளில் கோர்க்கும் நெட் ரிக் புழுவும், பச்சைப் பூசணி நிறம் என்று விற்பதும் பழுப்பும். கிரேஃபிஷ் அந்த நிறத்தில்தான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஸீ-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் வகை இரைகளை மற்ற ரப்பர் இரைகளோடு ஒரே பையில் போடாதீர்கள். இரண்டும் உருகி ஒட்டிப் பிசினாகிவிடும். அது வந்த பையிலேயே இருக்கட்டும்.

பைக்கு வெளியே தொங்க வேண்டியவை இரண்டு. நீள மூக்கு இடுக்கி, நரம்பு வெட்டும் நகவெட்டி. இரண்டையும் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் கயிற்றில் மாட்டுங்கள். கைநழுவிய இடுக்கி ஓடும் ஆற்றில் திரும்பக் கிடைக்காது.

வலை வேண்டும். ரப்பர் வலை, கைப்பிடி குட்டை, முதுகில் காந்தக் கொளுவியில் தொங்கும். வலை எதற்கு, கையால் பிடிக்கலாமே என்றால், நடப்பதைப் பாருங்கள். கிராங்க்பெய்ட்டில் மும்முனை முள் இரண்டு இருக்கும். ஒன்று மீனின் வாயில், மற்றது வெளியே ஆடிக்கொண்டிருக்கிறது. உதட்டைப் பிடித்ததும் மீன் ஒருமுறை தலையை உதறும். வெளியே இருந்தது உங்கள் கட்டைவிரலில் இறங்கும். இப்போது நீங்களும் மீனும் ஒரே லூரில் கோர்த்துக் கிடக்கிறீர்கள், இடுப்பளவு தண்ணீரில், மீன் இன்னும் உதறிக்கொண்டிருக்கிறது. படகில் இருந்தால் உட்காரலாம், இங்கே அதற்கும் இடமில்லை. அதனால் வாங்கி வந்த அன்றே மும்முனை முட்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள், அல்லது நுனிக்குப் பின்னால் இருக்கும் கொடுக்கை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். ரப்பர் வலையில் முள் சிக்காது, நூல் வலையில் கால் மணி நேரம் பிரித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

கார் சாவி, தொலைபேசி. இப்போதைய சாவிகளுக்குள் மின்னணுச் சில்லு இருக்கிறது, நனைந்தால் கார் கதவு திறக்காது. மேலே சுருட்டி மூடும் சின்ன நீர்புகாப் பை 15 டாலர். அதற்குள் இன்னொரு ஜிப் பையில் சாவியைப் போட்டு, மார்புப் பையின் அடியில் வையுங்கள். லூர் எடுக்கும்போதெல்லாம் கை படுகிற இடத்தில் வேண்டாம்.

கடையில் மீனைக் கோர்க்கும் சங்கிலியும் கூடையும் விற்பார்கள். உங்களுக்கு இரண்டும் வேண்டாம். சஸ்குவஹானாவின் நடுப்பகுதியில் பாஸை உடனே விட்டுவிட வேண்டும் என்ற விதி 2011-இலிருந்து இருக்கிறது, ஹாரிஸ்பர்க் அதற்குள் வருகிறது.

கேள்வி: தானாக ஊதிக்கொள்ளும் மிதவைச் சட்டை வாங்கலாமா? (ஆர்லிங்டன்)

பதில்: மிதவை வாங்குங்கள், தானாக ஊதுவது வேண்டாம். தண்ணீர் பட்டதும் கரையும் ஒரு வில்லைதான் பல மாடல்களில் விசையைத் தட்டுகிறது. ஆழமாக இறங்கி நின்றாலோ மழையில் நன்றாக நனைந்தாலோகூட அது வெடித்து ஊதிவிடலாம், ஒவ்வொரு முறையும் புது வாயுக்குப்பிக்குச் செலவு. கயிற்றை இழுத்தால் ஊதும் கைமுறை வகை எடுங்கள். மார்புப் பை போடுகிறவர்கள் பெல்ட் வடிவத்தில் வருவதைப் பார்க்கலாம், ஆனால் அதை ஊதிய பிறகு தலை வழியாக மாட்டிக்கொள்ள வேண்டும். கடையில் ஒருமுறை கைவீசிப் பழகிப் பாருங்கள். நீச்சல் தெரியாதவர் என்றால் இந்த ஊதும் வகையே வேண்டாம், நுரை வைத்த சாதாரணச் சட்டைதான்.

கேள்வி: அப்பா கோயம்புத்தூரிலிருந்து மூன்று வாரத்துக்கு வருகிறார். நானும் இறங்குவேன் என்கிறார். அவருக்கு என்ன வாங்குவது? (ஆஷ்பர்ன், வர்ஜீனியா)

பதில்: ஷூவும் ஊன்றுகோலும். மற்றதெல்லாம் உங்களுடையதையே கொடுங்கள், அவர் பிடிக்கும்போது நீங்கள் வலையோடு பக்கத்தில், ஆறு போகும் பக்கமாக நில்லுங்கள். முழங்காலுக்கு மேல் அவரைக் கூட்டிப் போகாதீர்கள். மீன் கரையோரப் பாறை நிழலிலும் இருக்கும், ஆற்றின் நடுவுக்குப் போனால்தான் கிடைக்கும் என்பதில்லை. வெளியூர்க்காரருக்கான குறுகிய கால உரிமம் எடுத்துவிடுங்கள். பார்வையாளர்தானே என்று விட்டால் அபராதம் உங்கள் பெயருக்கு வராது, அவர் பெயருக்கு வரும்.

கேள்வி: பழைய சாமான் வாங்கலாமா? (வாட்டர்லூ)

பதில்: ராடு, பை, வலை தாராளமாக. ராடு வாங்கும்போது ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் உள்ளே கீறல் இருக்கிறது, அது நரம்பை அறுக்கும். ரீலின் பிடியைச் சுற்றும்போது மணல் அரைகிற சத்தம் கேட்டால் வேண்டாம்.

பழைய ஷூவில் அடிப்பாகமும் மேல்பாகமும் சேரும் ஓரத்தைக் கட்டைவிரலால் பிரித்துப் பாருங்கள். வருஷக்கணக்காகப் பரணில் கிடந்த ஷூ வெளியே புதிதுபோல் இருந்தாலும் பசை காய்ந்து, ஆற்றின் நடுவே அடிப்பாகம் கையோடு வந்துவிடும். பழைய வேடர்ஸ் வாங்கவே வேண்டாம். விற்கிறவர் எதற்காக விற்கிறார் என்பது முதல் முறை இறங்கியதும் தெரிந்துவிடும்.